பந்தலில் தொங்கிய கொசுவலைகள்

சுகாதார இலாகாவின் மலேரியாப் பிரிவில் நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, மலேசியாவின் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்து ஊறிய கொசுவலைகளை வீடு வீடாகக் கொடுத்தோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு கட்டிலிலும் வலை இல்லை. ஒரு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்து அண்ணாந்தேன். அத்தனை வலைகளும் மடிப்பு மடிப்பாகத் தைக்கப்பட்டு, பந்தலின் மேலே தொங்கின. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"யாரு வேலை இது?"

"என் வேலைதாண்ணே," என்றார் மணப்பெண்ணின் அம்மா லெட்சுமி. "கட்டில்ல கட்டினா யாரு பாக்கப் போறா? நாளைக்கு முகூர்த்தம் முடிஞ்சதும் கழட்டிக் கொடுத்துருவோம்லா."

திட்ட வாயெடுத்தேன். அவர் கணவர் மாணிக்கம் பந்தல்காலைப் பிடித்தபடி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். திட்டை விட்டுவிட்டு ஊசிப் பையைத் திறந்தேன். அவர் காட்டோரத்தில் ரப்பர் மரம் சீவுகிறவர். அங்கே குரங்குகள் அதிகம். குரங்கைக் கடித்த கொசு நம்மைக் கடித்தாலும் மலேரியா வரும்.

"விரல நீட்டுங்கண்ணே. ரத்தம் எடுக்கணும்."

"எடுத்தா வார்டுல போட்டுருவீங்க. மக கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் வரேன்."

"இப்ப வந்தா ஆஸ்பத்திரியிலேருந்து போன்லயாவது கல்யாணம் பாக்கலாம். விட்டா செவுத்துல படமாத் தொங்கித்தான் பாக்கணும்."

லெட்சுமியே அவர் கையை இழுத்து நீட்டினார். மாலையில் முடிவு வந்தது. மலேரியாதான். மாணிக்கம் அழுதுகொண்டே வேனில் ஏறினார். எனக்கும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் மற்றவர்களுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். என்னைக் கண்டாலே மரங்களுக்குள் ஓடி ஒளிகிற ஜனம் அது. லெட்சுமி என் மேசையை வரவேற்புத் தட்டுகளுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். சந்தனம், பன்னீர், கற்கண்டு, அடுத்தது ஊசி.

"விரல் குத்தாதவங்களுக்குப் பந்தியில எல கெடையாது," என்று மைக்கில் அறிவித்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாம் முறையும் வந்து விரலை நீட்டினார். "ரெண்டு தடவ சாப்பிடப் போறேன்லா," என்றார்.

கெட்டிமேளம் முழங்கியது. போன் வீடியோவில் மாணிக்கம் ஆஸ்பத்திரி உடையில் உட்கார்ந்திருந்தார். அட்சதைக்கு எங்கே போவார்? தட்டிலிருந்த சோற்றை அள்ளி மகள் முகத்தைப் பார்த்துப் போட்டார். திரை முழுக்கச் சோறு. பந்தலே சிரித்தது, மணப்பெண் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாணிக்கம் குணமாகி வீடு திரும்பியதும் கட்டிலுக்கு வலை கட்டப் போனேன்.

"பந்தல்ல கட்டினாப்பல மடிப்பு வெச்சுக் கட்டுங்கண்ணே. அழகா இருந்தா இவ கழட்ட மாட்டா," என்றார் மாணிக்கம், லெட்சுமியைக் காட்டி.

இலாகா எனக்குச் சொல்லித்தராத பாடம் அது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் மடிப்பு வைக்காமல் ஒரு வலைகூடக் கட்டியதில்லை.