வெட்டு மெசினுக்குள் கேட்ட குரல்

இந்த வருடம் காலபோக நெல் அறுவடையின்போது, இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள எங்கள் வயலில் நடந்தது இது.

என் கணவர் வயல் செய்கிறவர். அதோடு வவுனியாவில் ஒரு றொக் இசைக்குழுவில் பேஸ் கிற்றாரும் வாசிக்கிறார். அந்தக் குழுவைத் தெரியாதவர்கள் வன்னியில் குறைவு. என் கணவரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பாடகர் மேடை முழுக்க ஓடித் திரிவார். முன்னுக்கு நின்று கிற்றார் வாசிப்பவர் தலைமயிரைச் சிலுப்புவார். இவர் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழாத மூலையாகப் பார்த்து நிற்பார். அறிவிப்பாளர் எல்லோருடைய பெயரையும் சொல்லி இவருடையதை மட்டும் விட்டுவிடுவார். அதற்காக இவர் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் படுக்கையறையில் பாதியை அம்பிளிபயர் பெட்டி பிடித்துக்கொண்டு நின்றது. விதைப்பு நேரம் பார்த்து ஏதாவது கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிடுவார். கடைசியில் பொறுமை கெட்டு, "நெல்லு வெட்டு முடிய உதெல்லாத்தையும் வித்துப்போட்டு வயலைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றார். அந்தச் 'சரி' எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. கிற்றாரையும் பெட்டியையும் வாங்குவதற்கு ஓமந்தையிலிருந்து ஒருவரை நானே பிடித்தேன். வெட்டு நாளன்று பின்னேரம் வருவதாகச் சொன்னார்.

அன்று காலையே நெல் அறுக்கும் வெட்டு மெசின் வந்து வயலில் இறங்கிவிட்டது. ஓட்டுநர் முள்ளியவளைப் பக்கத்து ஆள், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல வாய்க்காரர். முதல் சுற்று நெல்லை, தரையில் விரித்திருந்த தார்ப்பாய்ப் படங்கில் கொட்டிவிட்டு மெசினை நிறுத்தினார். நான் பிளேன்ரீ கொண்டுபோனேன். அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. நல்ல பாட்டு. என்னையறியாமல் கால் தாளம் போட்டது.

திடீரென்று ட்ரம்ஸ் நின்று, ஒரு ஆண் குரல் மட்டும் பாடியது: "இஞ்சேருங்கோ, எழும்புங்கோ, வாய்க்காலில தண்ணி வந்திட்டுது!"

தேத்தண்ணிக் கோப்பையை மெசின் படியிலேயே வைத்துவிட்டேன். தினமும் விடியக்காலையில் நான் கத்துகிற கத்தல் அது! ஒரு சொல்கூட மாறவில்லை. அந்தக் குரலும் மேடையில் ஒருநாளும் வாய் திறக்காத, கிணற்றடியில் மட்டும் முணுமுணுக்கிற குரல்.

"தம்பி, இது ஆரின்ர பாட்டு?"

"தெரியாதக்கா. பேர் போடேல்லை. எங்கட மெசின்காரர் எல்லாற்ற போனிலயும் கிடக்கு. வேற பாட்டெண்டால் எனக்கு நித்திரை தூங்கும். இந்த மனிசன் பாடினால் நாள் முழுக்க ஓடுவன்."

திரும்பிப் பார்த்தேன். 'இந்த மனிசன்' படங்கில் நின்று நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். தலை கிட்டத்தட்டச் சாக்குக்குள்ளேயே இருந்தது.

"இது நீங்களோ?"

"ஓம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"ரெண்டு தரம் கேக்கச் சொன்னனான். ஒருக்கால் நீர் அரிசி அரிச்சுக்கொண்டு நிண்டனீர். மற்றத் தரம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னனீர்."

ஓட்டுநர் மெசினிலிருந்து குதித்தே விட்டார். "அண்ணை, நீங்களோ!" என்று, தூசியும் வைக்கோலுமாக இவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு போனை எடுத்துத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அறிவிக்கத் தொடங்கினார். இவர் நண்பர் ஒருவரின் அறையில் இருந்து, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, இப்படிப் பல பாட்டுகளைப் பதிவுசெய்து இணையத்தில் விட்டிருக்கிறார் என்று அப்போதுதான் வெளிவந்தது. மிச்ச வயலை அந்தப் பாட்டுகளோடுதான் வெட்டினோம். கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு ஓமந்தையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒரு பாட்டு. நான் முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் நாட்களில் கறிக்கு உப்புக் கூடுவதைப் பற்றி இன்னொன்று. வரம்பில் நின்று சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இவ்வளவையும் ஊர் கேட்டுவிட்டது, நான் கேட்கவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

பின்னேரம் ஓமந்தைக்காரர் வாகனத்தோடு வந்தார். வாசலிலேயே மறித்து, "குறை நினையாதேங்கோ தம்பி, அது விக்கிறதுக்கில்லை" என்றேன்.

"ஏனக்கா, விலை காணாதோ?"

"அதில்லைத் தம்பி. நான் இன்னும் கேட்டு முடியேல்லை."

பின்னால் நின்ற இவர் உள்ளே போய், வந்தவருக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அதில் சீனி அள்ளுகொள்ளையாக இருந்தது.

என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத மனிசன் என்று அயலெல்லாம் குறை சொல்லித் திரிந்தவள் நான். நான் கத்தியதில் ஒரு சொல்லையும் அவர் தவறவிடவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருக்கிறது.