மூன்றாவது புள்ளி

என் ஆராய்ச்சிப் படிப்பே புள்ளிகளும் கோடுகளும்தான். ஏழே புள்ளிகள், ஏழே கோடுகள் கொண்ட ஒரு குட்டி வடிவியல் உண்டு. ஒவ்வொரு கோட்டிலும் மூன்று புள்ளிகள்; எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரே ஒரு கோட்டில் சேர்ந்திருக்கும்.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஏழு வீட்டுப் பெண்கள் முறை போட்டு, எல்லார் தோட்டத்திலும் தக்காளி பறிப்போம். தினம் மூன்று பேர். யாரோடு யார் போவதென்று ஓயாத சச்சரவு. விடுமுறைக்கு வந்து எங்கள் வீட்டின் சார்பில் பறிக்கப் போன நான், அந்த வடிவியலை வைத்தே முறை போட்டேன். பெண்கள் புள்ளிகள், நாட்கள் கோடுகள்.

"செல்விகூட மட்டும் என்னைப் போட்டுடாத கண்ணு," என்றார் மல்லிகா அக்கா. இருவரும் ஓரகத்திகள். போர்வெல் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு பேச்சே இல்லை.

"எந்த ரெண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்துதான் ஆவணுங்க்கா. இல்லீன்னா கணக்கே ஒடஞ்சிரும்," என்றேன், கொஞ்சம் திமிராகவே.

அந்த நாளும் வந்தது. இருவரும் ஆளுக்கொரு கோடியில் பறித்தார்கள். நடுவில் நான். எப்போது வெடிக்குமோ என்ற பயத்தில், கையில் கிடைத்ததையெல்லாம் கிரேட் பெட்டியில் போட்டேன்.

செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ! சென்னை லாரிக்குப் போறதுல இப்படிக் கனிஞ்ச பழமா போடுவ? செங்காயாத்தானே பறிக்கணும்! மல்லிகா, இவ பண்ணியிருக்கிறத வந்து பாரு!"

மல்லிகா அக்கா ஓடி வந்தார். "பாதி வழியிலயே சாறாயிரும், செல்வி!"

இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, கிரேட்டைக் கொட்டிப் பிரித்தார்கள். மாறி மாறி என்னைத் திட்டினார்கள். சிரித்தார்கள்.

இரண்டு புள்ளிகளை ஒரு கோடு சேர்க்கும் என்று எனக்குத் தெரியும். அதில் மூன்றாவதாக ஒரு புள்ளி எதற்கென்று அன்றுதான் தெரிந்தது: வாங்கிக் கட்டிக்கொள்ள.