சிலந்திச் செடிகளும் எட்டு மணி அக்காவும்

என் மீது நடந்த விசாரணையின் அறிக்கை பதினாறு பக்கங்கள் கொண்டது. அதன் நான்காம் பக்கத்தில் "துப்புரவுப் பணியாளர் ஒருவர்" என்ற மூன்று சொற்கள் வருகின்றன. அந்த ஒருவரைப் பற்றி எந்தத் தாளிலும் இதற்கு மேல் இல்லை. காகிதங்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது பொறுக்கவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

அவரை எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எட்டு மணி அக்கா என்போம். தினமும் காலை எட்டு மணிக்கு அவருடைய வாளி மாடிப்படியில் இடிக்கும் சத்தம் கேட்கும். காவலாளி அதைக் கேட்டுத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் எனக்கும் அக்காதான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒன்பது ஆண்டுகள் சலவை நிலையத்தில் படுக்கை விரிப்புகளை மடித்தார். பிறகு வீடுகளில் வேலை செய்தார். அதன் பிறகே ஓர் ஒப்பந்தக்காரரின் ஆளாக எங்கள் கட்டடத்துக்கு வந்தார். இடையில் ஒரு பல் மருத்துவர் வீட்டுக் குப்பைக்கூடையில் கிடந்த சிலந்திச் செடி ஒன்றை எடுத்து வந்து பிழைக்க வைத்திருக்கிறார்.

"செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டாங்க சார். அது எங்க செத்துச்சு? தாகத்துல மயங்கிக் கெடந்துச்சு" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அதன் குட்டி ஒன்றைக் காகிதக் குவளையில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

நான் பதிவறை எழுத்தர். பதினொரு இரும்பு அடுக்குகள், ஒரு சன்னல், இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த அலுவலகத்தில் எனக்கு யாரும் எதையும் கற்றுத் தந்ததில்லை. தட்டச்சு முதல் கோப்பு வரிசை வரை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். செடி வளர்ப்பையும் அப்படியே தொடங்கினேன். நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்துக் குறிப்பெழுதினேன். ஒரு பதிவேடு போட்டேன்: நாள், நேரம், தண்ணீரின் அளவு, இலைகளின் எண்ணிக்கை. திங்களும் வியாழனும் செடிக்கு ஒரு டம்ளர். அடித்தல் திருத்தல் வந்துவிடக் கூடாதென்று, தண்ணீர்ப் பகுதியை மட்டும் மாதத்தின் முதல் நாளிலேயே மாதம் முழுமைக்கும் எழுதிக் கையெழுத்திட்டு விடுவேன்.

"என்ன சார், செடிக்கும் அட்டெண்டன்ஸா?"

"ஒழுங்கு இருந்தாத்தான்க்கா எதுவும் வளரும்."

"அதுக்குத் தாகம் எடுக்கறது உங்க நோட்டுக்கு எப்படித் தெரியும்?"

புத்தகத்தின் பக்க எண்ணைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஓராண்டில் ஒரு குட்டி மூன்று செடிகளானது. நீண்ட காம்புகள் வளைந்து இறங்கி, நுனியில் புதுக் குட்டிகள் தொங்கின. மகிழ்ச்சியில் மூன்று வெள்ளைப் பீங்கான் தொட்டிகளையும் அடித்தட்டுகளையும் வாங்கி, செடிகளை மாற்றி, நான்காம் அடுக்கின் உச்சியில் வைத்தேன். அன்றிலிருந்து சரிவு தொடங்கியது. இலை நுனிகள் பழுப்பாகக் கருகின. அடியிலிருந்து ஒவ்வோர் இலையாக மஞ்சளானது. கருகிய நீளத்தை அளவுகோலால் அளந்து குறித்தேன். வறட்சி என்று முடிவு செய்து, ஒரு டம்ளரைத் தளும்பத் தளும்ப ஊற்றினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, டம்ளரும் கையுமாக முக்காலியில் ஏறி நின்றேன். அக்கா எட்டி ஒரு தொட்டியை இறக்கி, மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டார்.

"சார், இது மண்ணு இல்ல, சேறு. ஊத்தாதீங்க."

"இன்னைக்கு வியாழக்கிழமை ஆச்சே."

"செடிக்கு ஏது சார் வியாழக்கிழமை?"

முதன்முறையாக அவர் பேச்சைக் கேட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். ஆனால் ஒன்றாம் தேதியே எழுதிவிட்ட வரியை அடிக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை நான்காம் அடுக்கின் மேல்தட்டில் நாற்பத்தொரு கோப்புகள் ஊறிக் கிடந்தன. மை கரைந்து ஓடியிருந்தது. துணை மேலாளர் அண்ணாந்து பார்த்தார். தொட்டிகள் தெரிந்தன. பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"நேத்து மூணு டம்ளர் ஊத்தினதாப் போட்டிருக்கு."

"எழுதியிருக்கேன் சார். ஆனா ஊத்தல."

"ஊத்தாம எழுதினீங்களா? அப்போ இந்த ரூம்ல இருக்கற மத்த ரிஜிஸ்டரெல்லாம்?"

ஊற்றினேன் என்றால் கோப்புகளை நாசமாக்கியவன். ஊற்றவில்லை என்றால் பொய்ப் பதிவு எழுதுகிறவன். அன்று மாலையே பணியிடை நீக்கம் செய்தார்கள். பதிவறையைப் பூட்டி முத்திரையிட்டார்கள். ஐந்து வாரத்தில் விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலையும் போகும், இருபத்திரண்டு ஆண்டுப் பேரும் போகும். செடிகளைக் குப்பையில் போடும்படி அக்காவிடம் கொடுத்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்து பதினொரு பக்க விளக்கம் எழுதினேன். ஒரு டம்ளரின் கொள்ளளவு, மண் உறிஞ்சும் அளவு, அடுக்கின் உயரம் என எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் வாரம் அக்காவிடமிருந்து ஆள் வந்தது: "செடியைப் பாக்க வரச் சொன்னாங்க."

இரண்டே அறைகள் கொண்ட வீடு. எதிர்க்கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் சன்னலில் நாள் முழுதும் நிற்கிறது. நேர் வெயில் விழுவதில்லை. அங்கே சிலந்திச் செடிகள் கூரையிலிருந்து தரைவரை தொங்கின. அவருடைய கணவர் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார்.

"வாங்க சார். வெட்டின துணிய மாட்ட எனக்கு ஒரு ஆணி கெடையாது. இவளோட பிள்ளைங்களுக்கு ஏழு ஆணி" என்றார்.

"ஏழும் நீங்க அடிச்சதுதானே?" என்றார் அக்கா.

என் செடிகளில் ஒன்று அழுகிவிட்டது. அதன் குட்டிகளை வெட்டித் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். விரற்கடை நீளத்துக்கு வேர் விட்டிருந்தன. மற்ற இரண்டின் அழுகிய வேர்களை நறுக்கி, அடியில் ஓட்டை போட்ட டப்பாக்களில் நட்டிருந்தார். குழாய்த் தண்ணீரை, மருந்து வாடை போக, ஒருநாள் வாளியில் ஆற வைத்தே ஊற்றுவாராம். நல்ல வேர்கள் குட்டி முள்ளங்கிபோல் வெள்ளையாய்த் தடித்திருக்கும் என்றும், தண்ணீரை அவை தமக்குள்ளேயே சேர்த்து வைத்திருப்பதால் இரண்டு நாள் மறந்தாலும் கேடில்லை என்றும் விளக்கினார். பிறகு வெள்ளைத் தொட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"கவுத்துப் பாருங்க சார்."

கவிழ்த்தேன். அடிப்பாகம் வழவழவென்று முழுதாக இருந்தது. ஒரு துளைகூட இல்லை.

"நாலு மாசமா எழுதினீங்களே, ஒரு தடவ இதக் கவுத்துப் பாத்தீங்களா?"

தொட்டியின் உயரம், வாயகலம், கடை ரசீது மூன்றும் என் கோப்பில் இருந்தன. ஆனால் நான் ஒருமுறையும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

"அப்போ அந்தத் தண்ணி எங்கேருந்துக்கா வந்துச்சு?"

தையல் இயந்திரம் நின்றது. அக்கா சொன்னார்: அந்த அடுக்குக்கு நேர் மேலே, உள்கூரைக்குள் ஏசியின் கழிவுநீர்க் குழாய் போகிறது. பக்கத்தில் கூரைப் பலகை உப்பியிருப்பதை, கோப்புகள் நனைவதற்கு இரண்டு வாரம் முன்பே பார்த்து ஒப்பந்தக்காரரிடம் சொன்னார். ஏசி பராமரிப்பும் அதே ஒப்பந்தக்காரரிடம்தான். 'பெருக்கற வேலைய மட்டும் பாரு' என்றாராம்.

"இத அங்க வந்து சொன்னா, அடுத்த நாளே உன்ன நிறுத்திடுவான்" என்றார் கணவர்.

"நிறுத்தட்டும். தூசி இல்லாத ஊரா இருக்கு?"

அவர் வர வேண்டாமென்றும் நானே பன்னிரண்டாம் பக்கமாக இதை எழுதிக் கொடுக்கிறேன் என்றும் கூறினேன்.

"நீங்க எழுதினது போதும் சார்" என்றார்.

விசாரணை நாளன்று அக்கா கையில் அந்த வெள்ளைத் தொட்டியும் தண்ணீர்ப் புட்டியுமாக உள்ளே வந்தார். அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"அந்த ரூமத் தொடைக்கறவ சார்" என்று சொல்லியபடியே தொட்டியை என் விசாரணைக் கோப்பின் மீது வைத்துத் தண்ணீரை ஊற்றினார்.

"ஏம்மா, ஏய், ஃபைலு, ஃபைலு!"

தொட்டியைத் தூக்கிக் காட்டினார். தாள் காய்ந்தே இருந்தது.

"அஞ்சு வாரமா செடி எங்க வீட்ல இருக்கு. ரூம் பூட்டியே இருக்கு. இப்போ தெறந்து பாருங்க."

முத்திரையை உடைத்தார்கள். நான்காம் அடுக்கின் கீழே தரையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. ஏணி போட்டு உப்பிய பலகையைத் தூக்கியதும் மேலே நின்ற தண்ணீர் மொத்தமும் துணை மேலாளரின் தோளில் இறங்கியது. அவர் கைக்குட்டையைத் தேடினார். எனக்கும் பார்க்கச் சங்கடமாகவே இருந்தது என்று எழுதத்தான் ஆசை.

மீண்டும் பணியில் சேர்த்தார்கள். முன்கூட்டியே பதிவு எழுதியதற்கு ஓர் எச்சரிக்கையும் தந்தார்கள். அது நியாயமானது; ஏற்றுக் கையெழுத்திட்டேன். ஒப்பந்தக்காரர், எதிர்பார்த்தபடியே, அக்காவை இனி வர வேண்டாம் என்றார். நான் மேலாளருக்கு ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தேன்: சாட்சி சொன்னவரை நீக்குவதானால், காரணத்தை ஒப்பந்தக்காரர் எழுத்தில் தர வேண்டும். மேலாளர் கேட்டார். எழுத்தில் எதையும் தருகிற பழக்கம் ஒப்பந்தக்காரருக்கு இல்லை. அக்கா வேலையில் நீடித்தார்.

நான் திரும்பிய முதல் நாள், இரண்டு பக்கத்தில் நன்றி எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் துடைப்பானைப் பிழிந்துகொண்டிருக்க, நின்றபடி படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பத்தியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன். அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

"முடிஞ்சுதா சார்?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு அக்கா."

"படிங்க படிங்க. காலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கோங்க, அடியில தொடைக்கணும்."

காலைத் தூக்கிக்கொண்டு மீதியைப் படித்தேன்.