ஒரே மூச்சில் படித்த பெரியநாயகம்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்த பெரியநாயகம், மூன்று வருடங்களில் முப்பது கதைகளைப் பாராட்டியவர். ஒன்றைக்கூடப் படித்தவரல்லர். படித்துவிட்டுப் பாராட்ட யாராலும் முடியும். அதற்குத் திறமை வேண்டியதில்லை.

அப்போது மெட்ராஸிலிருந்து எரிகல் வீரன் படக்கதைப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. விண்ணிலிருந்து விழுந்த கல்லைத் தொட்டுப் பறக்கக் கற்ற வெள்ளைக்காரன். ஒரு மாதம் வருவான், இரண்டு மாதம் வரமாட்டான். பஸ் நிலையத்து டைம் கீப்பர் தீர்த்தகிரிக்குத் தாமதம் என்றால் ஆகாது. 1971-ல் எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அடுத்த கதையைத் தானே எழுதிவிட்டார். அதில் எரிகல் வீரன் சித்தேரி மலைப் பாதையில் அச்சு முறிந்த பஸ்ஸைத் தலைக்குமேல் தூக்கி வந்து இறக்கினான். பிறகு அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு உருண்டை களி தின்றான்.

அதன்பிறகு அநேகமாக மாதம் ஒரு நோட்டு எழுதினார். ஒரே பிரதி, பதினான்கு வீடுகளுக்கு முறை வைத்துப் போகும். கடைசி நாலு பக்கங்கள் வாசகர் கருத்துக்கு. கருத்து எழுதாதவருக்கு அடுத்த நோட்டு கிடையாது. முதல் வாசகரின் தீர்ப்பு ஆசிரியரையே கட்டுப்படுத்தும். பெரியநாயகம் வேளாங்கண்ணி போயிருந்த மாதம் ராஜமேரி டீச்சர் முதல் வாசகி ஆனார். கதையில் ஓர் எருமை செத்ததை ஆட்சேபித்தார். அடுத்த நோட்டில் எருமை எழுந்து புல் மேய்ந்தது.

மற்ற மாதங்களிலெல்லாம் முதல் வாசகர் பெரியநாயகந்தான். கடைசிப் பத்தியை மட்டும் பார்ப்பார், பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவார்: “ஒரே மூச்சில் படித்தேன். கண் கலங்கியது. முடிவு மிகப் பொருத்தம்.” எருமைக் கதைகளுக்கும் இதுதான், எரிமலைக் கதைகளுக்கும் இதுதான்.

இவ்வளவு உழைப்புக்கும் ஒரே ஆசைதான் காரணம்.

“நம்மளயும் கதைல ஒரு ஓரமா சேர்த்துக்கங்க சார்,” என்று மாதாமாதம் கேட்பார்.

“ஓரமா எதுக்குங்க? நடுவுலயே சேர்த்துக்கறேன்,” என்றார் தீர்த்தகிரி ஒருநாள்.

முப்பத்தோராவது நோட்டு வந்தது. கடைசிப் பத்தி: “தீயவன் வெடித்துச் செத்தான். ஊர் நிம்மதியாகத் தூங்கியது.” பெரியநாயகம் வழக்கமான கருத்தை எழுதினார். அன்று கடையில் கூட்டமில்லாததால் ஒரு வரி கூடுதலாகவும் எழுதினார்: “இவன் இன்னும் முன்பே செத்திருக்கலாம்.”

மூன்றாம் நாள், நோட்டை அடுத்து வாங்கிய டீக்கடை நஞ்சப்பன் தன் சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொன்னார். பெரியநாயகம் பம்பை எடுத்தார்.

“பாத்து அடிங்க. நீங்க வெடிச்சிறப் போறீங்க,” என்றார் நஞ்சப்பன்.

“நான் எதுக்குங்க வெடிக்கறேன்?”

“எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான முடிவு பொருத்தம்னு எழுதியிருக்கறீங்க.”

பெரியநாயகம் நோட்டைக் கேட்டு வாங்கி, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கதையை முதலிலிருந்து படித்தார். பம்பு மன்னன் என்றொரு கொடியவன். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்து ரோட்டில் ஆணி தூவுகிறான், அரைக் காற்றுதான் அடிக்கிறான். இடது காதடியில் மரு. கடைசியில் எரிகல் வீரன் அவன் பம்பாலேயே அவனுக்குக் காற்றடிக்கிறான்.

வேறு மனிதனாக இருந்தால் கோபம் வந்திருக்கும். பெரியநாயகம் தன் காதடி மருவைத் தடவிப் பார்த்துக்கொண்டார், பம்பு மன்னன் வரும் பக்கங்களை எண்ணினார். இருபத்தேழு. எரிகல் வீரனுக்கே பத்தொன்பதுதான். நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

“சார், அவன் சாவலைன்னு எழுதுங்க. எருமையே பொழைச்சிதுங்களே.”

“எருமைக்கு டீச்சர் பரிஞ்சி எழுதினாங்க. உங்காளுக்கு முதல் வாசகரு என்ன எழுதியிருக்காருன்னு படிங்க.”

பெரியநாயகம் படித்தார். தன் கையெழுத்துதான். அழகாகவே இருந்தது.

“மாத்தலாங்க,” என்றார் தீர்த்தகிரி, அரூர் வண்டி வந்த நேரத்தைக் குறித்தபடி. “‘படிக்காம எழுதிட்டேன், இதுவரைக்கும் எதையுமே படிச்சதில்ல’ன்னு கீழ ஒரு வரி போட்டு, கையெழுத்துப் போடுங்க. அடுத்த நோட்டுல எழுந்து உக்காருவான்.”

பேனாவையும் நீட்டினார். சனிக்கிழமைதோறும் மாதா கோயிலில் சாமியாரிடம் இதைவிடப் பெரிய பாவங்களையெல்லாம் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவர் பெரியநாயகம். ஆனால் சாமியாருக்குச் சொல்வது அவரோடு போய்விடும். நோட்டு பதினான்கு வீட்டுக்குப் போகும். அரூர் வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு புறப்படும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“செத்தவன் செத்ததாவே இருக்கட்டுங்க,” என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அடுத்த நோட்டிலும் முதல் கருத்து அவருடையதுதான்: “ஒரே மூச்சில் படித்தேன். கண் கலங்கியது.” இம்முறை இரண்டும் உண்மை என்று அவர் மனைவி ரோசம்மா சொன்னாள். பம்பு மன்னன் எங்காவது தட்டுப்படுகிறானா என்று எண்பது பக்கத்தையும் விளக்கடியில் வைத்துத் தேடினாராம்.

“முடிவு மிகப் பொருத்தம்” என்ற வரியை மட்டும் அவர் அதன்பிறகு எழுதவேயில்லை.