மஸ்கட்டில் நான் சிரிக்கும் படங்கள்

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். இன்று காலை அம்மாவோடு திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டில் என்னோடு நர்சிங் படித்த ஸ்டெல்லா.

"உன் ஸ்டேட்டஸ் எல்லாம் பாத்துக்கினுதான் இருக்கேன்டி. பீச்சு, பிரியாணின்னு மஸ்கட்ல ஜாலியா கீற. நானும் வர்றேன். வேலைய விடப்போறேன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டேன்."



நான்கு வருடத்தில் அந்தக் கடற்கரைக்கு மூன்று முறைதான் போயிருக்கிறேன். அம்மா கவலைப்படக் கூடாதென்று அந்தப் படங்களையே வாரம் ஒன்றாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். ஆறு பேர் படுக்கும் அறையையும், குழாயைத் திறந்துவிட்டு நான் அழும் குளியலறையையும் படம் எடுத்ததில்லை.

சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"எம்பொண்ணு அங்க ராணியாட்டம் கீறா. நீயும் போம்மா."

நான் சிரித்துவைத்தேன்.

விழுப்புரத்தில் இறங்கி அம்மா பூ வாங்கப் போனதும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன்.

"இன்னும் எழுதிக் குடுக்கலன்னா வேலைய விடாதடி. அங்க நான் சந்தோஷமா இருக்கிறது வெள்ளிக்கிழம மட்டுந்தான். அன்னிக்கு ரூம்ல எல்லாரும் சேந்து சமைச்சு சாப்பிடுவோம். மத்த நாளெல்லாம் ஜெயிலு."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் நல்லா இருக்கணும், நாங்க இங்கியே கெடக்கணுமா?"

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் பாக்கி. வியாழக்கிழமை எனக்கு விமானம். அம்மா ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நட்புகளே, நீங்கள் உண்மையைச் சொன்னபோது ஊரில் யாராவது நம்பினார்களா?