பதினாறாவது கட்டம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் குழந்தைகளுக்கான சார்ட் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பழங்கள், விலங்குகள், இந்திய வரைபடம். கம்ப்யூட்டர் எங்கள் அச்சகத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அந்த முறை ‘நமக்கு உதவுவோர்’. மருத்துவர், தபால்காரர், விவசாயி என்று பதினாறு கட்டம். பதினைந்து முடிந்திருந்தது. மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அக்கா வந்திருந்தாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் அவளுக்கு வேலை. தாளை விரித்துப் பார்த்துவிட்டு, “ஏலே, ஊரே இருக்கு. நான் எங்கனலே?” என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அச்சகத்துக் கேமராவை வாங்கி வந்து, கம்பெனி வேனிலிருந்து இறங்கியவளை அப்படியே நிற்கவைத்து எடுத்தேன். சேலைக்கு மேல் மச்சானின் பழைய சட்டை, தலையில் துண்டு, விரலெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துப்பொடி. அதைப் பார்த்துத்தான் பதினாறாவது கட்டத்தை வரைந்தேன்.

முதலாளி அண்ணாச்சி பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வெளியூரு பள்ளிக்கூடத்துல பட்டாசுக்காரிய எவன் கேக்கான்? தையக்காரரப் போட்டுரு.”

போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. அச்சான சார்ட்டை அவள் மகள் சுவரில் ஒட்டியபோது, அக்கா கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தேடினாள். கடைசியில், “தையக்காரர் நல்லா இருக்காரு” என்றாள். அவ்வளவுதான்.

தீபாவளி சீசனில் அவள் வேலைபார்த்த அறையில் தீப்பிடித்தது. அக்காவைத் துணியில் மூடித்தான் கொடுத்தார்கள்.

அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடினோம். கல்யாணத்துக்குப் பிறகு அவளை யாரும் படமே எடுத்திருக்கவில்லை, நான் எடுத்த அந்த ஒன்றைத் தவிர. மச்சான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமலே, “சட்டை வேண்டாம் மாப்ள. பட்டுச்சேலை மாதிரி மாத்திரு” என்றார். சட்டையை அழித்தேன். கைகள் தெரியாதபடி படத்தை வெட்டினேன். சிவப்புப் பட்டு வரைந்தேன்.

அக்கா மகள் அந்தப் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அம்மாட்ட இந்தச் சேல இல்லயே?”

“இல்லதான் தாயி.”

அக்கா விரல் வைத்துத் தேடிய அன்றைக்கே, ‘அண்ணாச்சி வேண்டாம்னுட்டாருக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கோபப்பட்டிருக்க மாட்டாள். காரியம் முடிந்து நான் வேலைக்குப் போனபோது ‘பூக்கள்’ சார்ட் பாதியில் நின்றது. உட்கார்ந்து முடித்துக்கொடுத்தேன்.