மார்கழியில் என் தொண்டை கட்டிய நாள்

சென்ற மார்கழியில் என் மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பெண்களுக்கான பொதுக் கழிப்பறை பூட்டப்பட்டுக் கிடந்தது. குழாய் உடைந்ததென்று பூட்டிய நகராட்சிக்காரர்கள் பிறகு எட்டியும் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டிருந்து, பெண்கள் சுரங்கக் கழிவுமண் மேட்டின் பின்புறம் போய்வந்தார்கள். அடுத்த வீட்டுக் கஸ்தூரியின் மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. வெளியே போக அஞ்சி, அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. அதைக் கண்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பணி முடிந்தபின் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுகலையில் சேர்ந்தேன். மக்களை ஒன்றுதிரட்டுவதும் அவர்கள் உரிமைக்காக வாதாடுவதும் என் சிறப்புப் பாடம். களப்பணிக்கு எங்கள் லைனையே கேட்டு வாங்கினேன். பெண்களைக் கூட்டினேன், ஆனால் பேசியதெல்லாம் நானே.

"மேடம், இது க்ளாஸ் ரூம் இல்ல. அவங்களையும் கொஞ்சம் பேச விடுங்க" என்று என் வழிகாட்டியான இளம் பேராசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். சுருக்கென்றது. நகராட்சி அதிகாரி முன்னால் இவர்களுக்கு என்ன பேசத் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன்.

அதிகாரியைச் சந்திக்க நாள் கிடைத்தது. என் நாவுக்கு வலிமை தா என்று விடியல்தோறும் கோயிலில் பதிகம் பாடி வேண்டினேன். தங்கவயல் பனி சும்மா விடுமா? சந்திப்பு நாளன்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மிளகும் பனங்கற்கண்டும் பயன்படவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். 'பெருமானே, உன்னைப் பாடியதற்கா இந்தக் கூலி?' என்று நெஞ்சுக்குள் அவனோடு சண்டையிட்டு அழுதேன்.

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், கெளம்பல?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"அட சாமி! இன்னிக்குன்னு பாத்தா? சரி, சும்மா வந்து குந்துங்க. கொழாயடியில கத்துறவ அங்க கத்த மாட்டனா?"

அலுவலகத்தில் அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கஸ்தூரியைக் காட்டினேன். அவள் எழுந்தாள்.

"சார், எம் மருமவ தண்ணியே குடிக்க மாட்டேங்குறா. இன்னா நோவுன்னு கேக்காதீங்க. நோவு இல்ல சார், உங்க பூட்டு."

பின்னாலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "பன்னி சார், நோடி" என்று ஒருத்தி கன்னடத்தில் அவரை வந்து பார்க்கச் சொன்னாள்.

"மூக்க மூடிக்கினாவது வாங்க சார்" என்றாள் கஸ்தூரி.

அதிகாரியே சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி, எழுந்து எங்களோடு புறப்பட்டார். நான் மனனம் செய்து வைத்திருந்த உரையில் சட்ட விதிகள் அத்தனையும் இருந்தன. அந்த மருமகள்தான் அதில் இல்லை. எம்பெருமான் என் வாயை ஏன் அடைத்தான் என்பது புரிந்து, வழியெல்லாம் கண்ணீர் உகுத்தேன்.

பொங்கலுக்கு முன் குழாய் சரியாகிக் கதவு திறந்தது. அன்று மாலை கஸ்தூரியின் மருமகள் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்ததை நான் பார்த்தேன்.

படிப்பு முடிந்து இப்போது ஒரு சிறு தொண்டு அமைப்பில் மக்களைத் திரட்டும் பணியில் இருக்கிறேன். கூட்டங்களில் பின்வரிசையில் அமர்கிறேன். நா இன்னமும் துறுதுறுக்கத்தான் செய்கிறது. அவன் அருளால் அடக்கிக்கொள்கிறேன்.

அடியார் பெருமக்களே, உங்கள் பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கேட்டால் தடுக்காதீர்கள். வேண்டியது கிடைக்காத நாளில் இறைவனோடு சண்டையிடுங்கள்; அவன் பொறுப்பான். ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.